நாலாவது ஆணி

பச்சையம்மா சட்டைப் பையின் உள்பக்கத்தைப் புரட்டி, பால்பாயிண்ட் பேனாவால் தன் போன் நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள். சட்டை அவள் புருஷன் குணசேகரனின் உடம்பில்தான் இருந்தது. அவர் அசையாமல் நின்றார். பேனா முனை துணியைத் தாண்டி நெஞ்சில் குத்தியது.

"இன்னாத்துக்கு இது? பொண்ணுகூடத்தான போறேன்."

"பொண்ணு வேலயப் பாக்குமா, உன்னியப் பாக்குமா? எங்கனா பூட்டின்னா?"

"எங்க பூடப்போறேன்?"

"போன மாசம் எங்க பூட்ட?"

போன மாதம் எம்.கே.பி. நகரில் இறங்க வேண்டியவர் மணலி வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வழி தெரியாமல் இல்லை. எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்ததாகத்தான் வீட்டில் சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். என்னென்ன மறக்கிறார், எதையெல்லாம் மாற்றிச் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பச்சையம்மா கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் அவர் அதை எடுத்துப் படித்துவிட்டார். அடுப்பை அணைக்காமல் விட்டது. செத்துப்போன பழைய கூட்டாளி லூர்துவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னது. மணலி. எல்லாம் நியாயம்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கடைசியாக, 'ராஜா நாற்காலி' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள்.

அதைப் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

ராஜா நாற்காலிக் கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். குணசேகரன் இளவட்டமாக இருந்தபோது ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டின் குடோனில் பெட்டி அடிக்கும் வேலையில் இருந்தார். கப்பலில் போகிற சாமானை அளவெடுத்து, அதற்கேற்ற மரப்பெட்டி அடிக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில், எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஏதோ அரண்மனையிலிருந்து லாரியில் ஒரு சிம்மாசனம் வந்து இறங்கியது. வெளிநாட்டில் கண்காட்சிக்குப் போகிறது என்றார்கள். எந்த அரண்மனை என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கப்பல் வரத் தாமதமானதில் சிம்மாசனம் பதினோரு நாள் குடோனிலேயே கிடந்தது. கடைசி நாள் மத்தியானம், மேஸ்திரி வெளியே போன நேரம் பார்த்து, நாலு பேர் ஆளுக்கொரு தடவை அதில் ஏறி உட்கார்ந்து சோறு தின்றார்கள். லூர்து, செங்குட்டுவன், குணசேகரன், இன்னொரு ஆள். அந்த நாலாவது ஆள் சும்மா உட்காரவில்லை, குதித்து உட்கார்ந்தான். அடியில் ஒரு சட்டம் படக்கென்று விட்டுக்கொண்டது.

தெரிந்தால் நாலு பேருக்கும் வேலை போயிருக்கும். குணசேகரன்தான் பெட்டிப் பலகையில் ஒரு துண்டை அறுத்து, விட்டுப்போன சட்டத்தோடு சேர்த்து வைத்து நாலு ஆணி அடித்தார். சாயங்காலம் சிம்மாசனம் பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் கப்பலுக்குப் போயிற்று.

இவ்வளவுதான் கதை. மகள் ரமாபாய் சின்னப் பெண்ணாக இருந்தபோது இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். இந்த ஒரு வருஷமாகக் கதை ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் முதலில் உட்கார்ந்தது லூர்து, இன்னொரு நாள் குணசேகரன். ஒரு நாள் பெருமழை, இன்னொரு நாள் மண்டையைப் பிளக்கும் வெயில். நாலாவது ஆளின் பெயர் மட்டும் எந்த நாளும் வரவில்லை. அவன் இடது காலைச் சற்று இழுத்து நடப்பான். தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவான். நனைந்த பீடியைக் காதுக்கு மேல் செருகிக் காயவைப்பான். எல்லாம் வந்தது, பெயர் வரவில்லை. லூர்து போய் ஆறு வருஷம். செங்குட்டுவனைக் கொரோனா கொண்டுபோயிற்று. கேட்பதற்கு ஆளில்லை.

"நெசமாவே குந்துனியா, இல்ல சினிமால கினிமால பாத்ததா?" என்று பச்சையம்மா ஒரு நாள் கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள்.

அடுப்பு, போன், மணலி எல்லாம் போகட்டும். அந்த மத்தியானமும் இல்லையென்றால், தான் இருந்த வருஷங்களில் எது இருந்தது, எது இல்லை என்று யாரிடம் போய்க் கேட்பது?

ரமாபாய் ஐந்து மாதமாக மணலேரிக் கோட்டையில் வழிகாட்டியாக இருந்தாள். அத்திப்பட்டைத் தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ராஜா கட்டிய கோட்டை. வாரிசுகள் ஒரு டிரஸ்ட் வைத்து, உள்ளேயிருந்த அரண்மனையில் பாதியை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். போன வாரம் சாப்பிடும்போது அங்கே இருக்கும் சிம்மாசனத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். கைப்பிடியில் ரெண்டு யாளி என்றாள்.

"ஒரு யாளிக்கு மூக்கு ஒடஞ்சிகீதா?" என்று குணசேகரன் கேட்டார்.

ரமாபாயின் கை தட்டில் நின்றது. "ஆமா. வேலைக்கி சேந்த அன்னிக்கே சொன்னேனே நைனா."

சொன்னாளா? அவர் யோசித்துப் பார்த்தார். உடைந்த மூக்கு கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது குடோனிலிருந்து வருகிறதா, மகள் வாயிலிருந்து வருகிறதா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. மகள் சொல்லியிருக்கவே முடியாத ஒன்று வேண்டும். அடிச்சட்டத்தில் இருக்கும் ஆணிகள் வேண்டும்.

"நீ வேல செய்ற எடத்த நானும் ஒரு தபா பாக்குறேம்மே," என்று மட்டும் சொன்னார்.

*

கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினார்கள். சனிக்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. ஜன்னலோரம் உட்கார்ந்த ரமாபாய் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். டிரஸ்ட் செயலாளர் எழுதிக்கொடுத்த நாலு பக்கத்தை அவள் இன்னும் தினமும் ஒப்பித்துப் பார்ப்பாள். அதில் ஒரு வார்த்தை மாறக்கூடாது. மாற்றிச் சொன்ன முந்தைய பெண்ணை நிறுத்திவிட்டுத்தான் இவளை எடுத்திருந்தார்கள். எண்ணூர் வந்ததும் ஜன்னல் வழியே சாம்பல் வாடை அடித்தது. அத்திப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். அவர்கள் இருவரும் வழி நெடுகப் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அது அவர்களுக்குப் பழக்கம்தான்.

கோட்டை அவர் நினைத்ததைவிடச் சின்னது. மதிலில் பாதி செங்கல், பாதி கருங்கல். ஆறு அகலமாக, அசையாமல் கிடந்தது. அந்தக் கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிரேன்கள். ஒரு ராஜா இந்த இடத்தில் நின்று எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்தார். மதிலின் மேல் விரலை வைத்து இழுத்தார். சாம்பல் ஒட்டிக்கொண்டது.

"கைய தொடச்சிக்கோ, நைனா. அப்டியே எல்லாத்தையும் தொட்டு வெக்காத," என்று ரமாபாய் கைக்குட்டையைக் கொடுத்தாள். வாசலில் நின்ற காவலாளியிடம், "பாய், இவரு எங்க நைனா. கொஞ்சம் கண்ணு வெச்சிக்கோங்க," என்றாள்.

காவலாளி முபாஷிர் அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "வாங்க. ராஜா வூட்டுக்கு வந்துகீறீங்க. சம்பந்தி மாரி ஜம்முனு நடங்க."

முதல் குழுவில் பத்துப் பேர் இருந்தார்கள். குணசேகரன் கடைசியாக நின்றார். முன்னால் யாரோ ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். "மணலேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்." நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் காயவைத்து எடுத்தது போன்ற குரல். ரமாபாய் எங்கே போனாள் என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பேசுவது அவள்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பல்லக்கைக் காட்டினாள். ஓடாத ஆறு கடிகாரங்களைக் காட்டினாள். ராஜா ஆற்றில் முதலை சுட்ட துப்பாக்கி, ராணி முகம் பார்த்த பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியில் குணசேகரனின் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது. எல்லாரும் அதில் தங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தர்பார் மண்டபத்தின் கோடியில், சிவப்புக் கயிற்றுக்கு அப்பால் அது இருந்தது.

அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். அடித்துக்கொள்ளவில்லை. இது சின்ன நாற்காலி. குடோனில் அவர் உட்கார்ந்தபோது கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. இதில் உட்கார்ந்தால் கால் தரையில் பதியும். மெத்தை சிவப்பு. அவர் நினைவில் அது பாசிப் பச்சை. மூக்கு உடைந்த யாளி இந்தப் பக்கம் இருக்கிறது, அது அந்தப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? அந்தப் பக்கம் என்றால் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பக்கமா, எதிரே நிற்பவனுக்கு அந்தப் பக்கமா? மனசுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார், இறங்கி எதிரே நின்று பார்த்தார். ரெண்டு தடவையும் வேறு வேறு பக்கம் வந்தது.

"இது மணலேரி மன்னர்களின் சிம்மாசனம்," என்றாள் அந்தக் குரலில் ரமாபாய். "தேக்கும் கருங்காலியும் சேர்த்துச் செய்தது. கைப்பிடியில் இருப்பவை யாளிகள். மன்னர் வம்சத்தைத் தவிர வேறு எவருடைய நிழலும் இதன் மேல் விழுந்ததில்லை. செய்த நாள் முதல் இன்று வரை இந்தக் கோட்டையை விட்டு இது வெளியே போனதும் இல்லை."

சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அடுத்து வாள்களைக் காட்டப் போய்விட்டாள்.

வேறு எவருடைய நிழலும். குணசேகரன் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார். தினமும் எத்தனை தடவை இதைச் சொல்லிவிட்டு இந்தப் பெண் வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள்? அவளுக்கு ஒன்றும் தோன்றாதா? இல்லை, அப்பன் சொன்னது எல்லாமே கதை என்று முடிவு செய்துவிட்டதால்தான் தோன்றவில்லையா? அப்படியானால் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இந்த நாற்காலி கோட்டையை விட்டுப் போனதே இல்லையென்றால், குடோனுக்கு வந்தது வேறொரு நாற்காலி. அல்லது எதுவுமே வரவில்லை.

குழுவின் பேச்சுச் சத்தம் அடுத்த அறைக்குப் போயிற்று. முபாஷிர் வாசல் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

குணசேகரன் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார்.

முட்டி போட்டுப் பார்த்தார். சிம்மாசனத்தின் முன்பக்கம் தரைக்கு ஒரு சாண் மேல் வரைக்கும் வேலைப்பாடு தொங்கியது, உள்ளே எதுவும் தெரியவில்லை. இரண்டு முழங்கையையும் ஊன்றினார். அப்படியும் முடியவில்லை. கடைசியில் வயிற்றை அழுத்தி, குப்புற, நீட்டிப் படுத்து, தலையைக் கால்களுக்கு நடுவே நுழைத்து, கையை உள்ளே விட்டார். தூசி மூக்கில் ஏறியது.

சட்டம் தட்டுப்பட்டது. அதன் மேல் இன்னொரு மரத்துண்டு. அது வழவழப்பாக இல்லை. இழைப்புளி படாத, சிலாம்பு தூக்கிய, சாதாரணப் பலகை.

"என்னங்க, இங்கன வுழுந்து கும்புடணும் போல," என்று தலைக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. தெற்கத்திப் பேச்சு. "செருப்ப அந்தால கழட்டிப் போடுங்க. அத்தே, நீங்களும் வாங்க."

"இது என்ன சாமி ராமசெல்வி?" என்றது ஒரு கிழவியின் குரல்.

"சாமியா இருந்தாத்தான் வுழணுமா? பெரியவரு எவ்வளவு பக்தியாக் கெடக்காரு பாருங்க."

கயிற்றுக்கு வெளியே சரசரவென்று சேலைச் சத்தமும் முட்டி மடக்கும் சத்தமும் கேட்டன. குணசேகரனால் தலையைத் திருப்பவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் மனசில்லை. வீட்டில் புத்தர் படத்தின் முன்னால்கூட அவர் கை கூப்பி நிற்பாரே தவிர விழமாட்டார். யார் காலிலும் விழக்கூடாது என்று மகளுக்கு நடை பழக்கும்போதே சொல்லி வளர்த்தவர். இப்போது ஒரு செத்துப்போன ராஜாவின் நாற்காலிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். போதாததற்குப் பின்னால் ஒரு குடும்பமே கிடந்தது.

"நைனா!"

இது வீட்டுக் குரல். ஓடிவருகிற செருப்புச் சத்தம். "இன்னா பண்ற நீ? எழுந்திரு மொதல்ல. அய்யோ, நீங்க இன்னாத்துக்கு வுழுந்துகினு கீறீங்க? எழுந்திருங்கம்மா, இது கோயில் இல்ல."

"அப்ப இவரு ஏன் வுழுந்து கெடக்காரு?" என்று ராமசெல்வி புடவையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவுருக்கு..." ரமாபாய் நிறுத்தினாள். "அவுருக்கு ஒடம்பு சரியில்ல. நீங்க போயி கடிகாரத்தப் பாருங்க, நான் இதோ வரேன்."

அவர்கள் நகர்ந்ததும் கயிற்றைத் தாண்டி வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "மானம் போவுது நைனா. செகரட்ரி பாத்தாருன்னா என் வேல காலி. எல்லாரு முன்னாலயும் இப்டிப் படுத்துகினு கீறியே, உனுக்கே நல்லாகீதா?"

"ஒரு நிமிசம்மே. பலக கீது. பெட்டிப் பலக. என் கைக்குத் தெரியும்."

"பழய நாற்காலின்னா பலகதான் இருக்கும், பஞ்சு மெத்தையா இருக்கும்?"

"கேளு. நான் சொல்றத மட்டும் கேளு." கிடந்த வாக்கிலேயே அவர் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது. பெட்டி அடிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் ஆணி மடக்குவதில் ஒரு தினுசு உண்டு. மறுபக்கம் வெளியே வருகிற முனையைச் சுத்தியலால் மடக்கித் தட்டிவிட வேண்டும். லூர்து எல்லா முனையையும் ஒரே பக்கம் மடக்குவான். செங்குட்டுவன் ஒன்றைப் பார்த்து ஒன்றாக மடக்குவான். எங்கேயாவது பெட்டி பிளந்துகொண்டது என்று புகார் வந்தால், மேஸ்திரி பலகையைத் திருப்பிப் பார்த்தே யார் அடித்தது என்று கண்டுபிடித்துவிடுவார். "என்து, மூணு ஒரு பக்கம். நாலாவது மட்டும் எதிர்ப்பக்கம். அப்டி வேற எவனும் அடிக்கமாட்டான்."



அவர் விரலால் தடவினார். ஒன்று. அதன் முனை சுவர்ப் பக்கம் படுத்திருந்தது. இரண்டு, அதுவும் சுவர்ப் பக்கம். மூன்றும் அப்படித்தான். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் விரல் ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. துருவா, ஆணியா, மரத்தின் சிலாம்பா? சர்க்கரை வந்ததிலிருந்து அவர் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு சூடில்லை என்று சொல்கிற விரல்கள். திரும்பத் திரும்பத் தடவினார். ஒரு தடவை நாலாவது ஆணி இந்தப் பக்கம் படுத்திருந்தது. மறு தடவை அந்தப் பக்கம். இன்னொரு தடவை அங்கே ஒன்றுமே இல்லை.

"ரமா. நீ பாரும்மே."

"பேச்சு கேக்க மாட்டியா நைனா? அடுத்த குழு வந்துரும்."

"உன் வெரலு சின்ன வெரலு. உணர்ச்சி கீற வெரலு. ஒரே ஒரு தபா கைய வுட்டுப் பாரு. செவ்வாக்கெழம நீங்க எங்க இட்டுகினு போனாலும் வரேன். இன்னா மாத்தர குடுத்தாலும் துன்றேன்."

அவள் வாசலைப் பார்த்தாள். முபாஷிர் அங்கிருந்தே, 'என்ன?' என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று இவளும் கையால் காட்டினாள். பிறகு நீலக் கரைச் சீருடைப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். இரண்டு பேரின் தோளும் இடித்துக்கொண்டன. அவள் சின்ன வயதில் கட்டிலுக்கடியில் உருண்டுபோன கோலிக்குண்டைத் தேடும்போது இப்படித்தான் படுப்பாள். அது அவளா, அவர் தங்கச்சியா?

ஆற்றுப் பக்கமிருந்து ஒரு படகு மோட்டாரின் சத்தம் கிட்டே வந்து, கடந்து, தேய்ந்து போயிற்று.

"கீது," என்றாள்.

"இன்னா கீது?"

"நாலாவது. முன்னாடி பாத்து மடங்கிகீது. மீதி மூணும் சொவுரு பக்கம்."

எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் முந்தானையை எடுத்து அவர் நெற்றித் தூசியைத் துடைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தினமும் ஆறு தடவை, முன்பின் தெரியாதவர்களிடம் ஒரே விஷயத்தை ஒரே மாதிரிச் சொல்லிப் பழகிய முகம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் செய்த தப்பு எவ்வளவு பெரியது! கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிட்டார். மூணு ஒரு பக்கம், நாலாவது எதிர்ப்பக்கம் என்று தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? தரையில் கிடந்து கெஞ்சுகிற அப்பனை எழுப்பிக் கூட்டிப்போக எந்த மகளும் அதைத்தான் சொல்வாள்.

"நெசமாவா?" என்று கேட்டார்.

"நெசமாத்தான் நைனா." அவள் ஆட்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பினாள். ஆணி கீறியிருக்க வேண்டும். அல்லது சிலாம்பு குத்தியிருக்க வேண்டும். அதுவும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

"வா. அங்க தூணாண்ட நில்லு. கயித்துக்கு வெளிய. நகராத," என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு போனாள்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணி அங்கேதான் இருக்கிறது, இரண்டு முழ தூரத்தில். ஆனால் அவர் விரல்களால் இனி ஒன்றும் சொல்ல முடியாது. அவளைத் திரும்பக் கேட்டால் திரும்ப அதையேதான் சொல்வாள். எவ்வளவு யோசித்தும் ஒரே ஒரு வழிதான் புலப்பட்டது. அடுத்த குழுவிடம் அவள் அந்த நிழல் வாக்கியத்தைச் சொல்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்பது. அவள் சொல்லிவிட்டால், சற்று முன் தன்னிடம் சொன்னது பொய். நிழல்கூட விழுந்ததில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலில் அந்தக் கீறலை வைத்திருக்க அவளால் முடியாது. முடியுமா? வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லலாமே? அப்போது அதற்கு என்ன அர்த்தம்? மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார்.

குழு வந்தது. ராமசெல்வியின் குடும்பமும் அதோடு சேர்ந்திருந்தது. அவள் மாமியார் குணசேகரனைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் தலையசைத்தார். பல்லக்கு, கடிகாரம், துப்பாக்கி, கண்ணாடி. அந்தக் குரல் ஒவ்வொன்றாகத் தாண்டி நெருங்கி வந்தது. குணசேகரன் தன் காதையே நம்பாதவர்போல் கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இது மணலேரி மன்னர்களின் சிம்மாசனம். தேக்கும் கருங்காலியும் சேர்த்துச் செய்தது. கைப்பிடியில் இருப்பவை யாளிகள்." அதே ஏற்றம், அதே இறக்கம். "மன்னர் வம்சத்தைத் தவிர..."

நின்றுவிட்டாள்.

மண்டபத்தில் மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரமாபாய் தன் ஆட்காட்டி விரலைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ செருமினார்கள். மறந்துவிட்டாளோ என்று அவருக்குத் திடுக்கென்றது. இது பரம்பரையாக வருகிற வியாதியோ?

"தவிர?" என்று ராமசெல்வி எடுத்துக் கொடுத்தாள். "வேற யாரும் இதுல உக்காந்ததில்லயாக்கும்?"

"உட்கார்ந்திருக்காங்க," என்றாள் ரமாபாய். அது கோட்டைக் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. அவர் அதுவரை கேட்டிராத ஒன்று. "ராயபுரத்துல, ஒரு குடோன்ல. கப்பல்ல ஏத்தறதுக்காகக் கொண்டு போயிருந்தாங்க. மத்தியானம் சோறு சாப்புடறதுக்காக ஏறி உட்கார்ந்திருக்காங்க. அடியில ஒரு சட்டம் ஒடஞ்சு, அங்கயே ஒட்டுப் போட்டிருக்கு. அது இன்னும் கீது."

யாரோ சிரித்தார்கள். வாசலில் நின்ற முபாஷிர் மெதுவாகத் திரும்பினார்.

"அட! எத்தன பேரு?" என்றாள் ராமசெல்வி.

"நாலு பேரு."

"யாரு யாரு?"

"லூர்துன்னு ஒருத்தர். செங்குட்டுவன்னு ஒருத்தர். அப்பறம் குணசேகரன்." அவள் கூட்டத்துக்கு மேலாக, தூணைப் பிடித்து நிற்கிறவரைப் பார்த்தாள். "நாலாவது யாரு நைனா?"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. கீழே விழுந்து கும்பிட்ட பெரியவர்தான் என்று தெரிந்ததும் ராமசெல்வியின் மாமியார் வாயில் விரலை வைத்தார்.

குணசேகரன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இழுத்து நடக்கிற கால் வந்தது. கருவாட்டு வாசனை வந்தது. காதுக்கு மேல் பீடி வந்தது. இரு, என்று கையைக் காட்டினார். வீட்டில் இப்படிக் கையைக் காட்டினால் அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும், பச்சையம்மா விளக்கை அணைத்திருப்பாள். இங்கே யாரும் நகரவில்லை. ரமாபாய் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முபாஷிர்கூட டிக்கெட் கட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, காத்துக்கொண்டு நின்றார்.

அவர் கண்ணை மூடினார். குடோனில் மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அதன் சத்தம். தூக்குச்சட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து ஒருவன் உள்ளே வந்தான். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த லூர்து அவனைப் பார்த்துவிட்டுக் கூப்பிட வாயைத் திறந்தான்.